இருநூற்று முப்பத்தாறு வயதுக் கப்பல்

ஓணாம்பாளையத்தில் ஒரு வீட்டில் எதற்கு வயது அதிகமோ அதுதான் அந்த வீட்டுக்குத் தலைவர். ஆளாக இருந்தாலும் சரி, அலமாரியாக இருந்தாலும் சரி. கிழக்கு வீதியில் மூன்று வீடுகளுக்கு மரப்பெட்டி தலைவர், ஒரு வீட்டுக்கு வேப்பமரம், தபால் ஆபீசுக்கு எதிர்வீட்டில் ஒரு கோடாலிக் காம்பு. துளசிமணியின் வீட்டுக்கு ஆட்டுக்கல். நூற்றுப் பதினெட்டு வயது. குடும்ப அட்டையில் முதல் பெயர் அதனுடையதுதான். போட்டோவில் கொஞ்சம் கடுகடுவென்று இருக்கும்.

ஆட்டுக்கல்லைக் கெட்டது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாட்டுக்குக் கொட்டகை, கிணற்றுக்கு மோட்டார் என்று எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். யாரும் ஊரைத் தாண்டிப் போகக் கூடாது. தான் வைத்த இடத்தை விட்டு ஒரு சாண் நகர்ந்ததில்லை, அதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கும்.

துளசிமணி அந்த வீட்டு மூத்த மருமகள். வயது ஐம்பத்து மூன்று. கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான மறு வருடத்திலிருந்து பதினேழு தடவை கேட்டுவிட்டாள். பதினேழு தடவையும் ஆட்டுக்கல் ஒரே பதிலைத்தான் சொன்னது. பார்க்க வேண்டிய பொருளாக இருந்தால் இத்தனை நாளில் அரைபட என்னிடம் வந்திருக்கும் என்றது.

இந்தத் தை மாதம் மகளிர் குழுவில் கடலுக்குப் பஸ் ஏற்பாடு செய்தார்கள். விண்ணப்பத்தில் வீட்டுத் தலைவரின் சம்மதம் வேண்டும். இதையும் விட்டால் கடலைப் பார்க்காமலேயே கண்ணை மூடிவிடுவோம் என்று துளசிமணி பயந்தாள். அந்தப் பயத்தைக் கணவர் சென்னியப்பனிடம் சொல்லி அழுதும் விட்டாள். அவர் சாதுவான மனிதர். தலைவர் பேச்சைத் தட்டக் கூடாது, வேண்டுமானால் தலைவரை மாற்றிக்கொள் என்றார்.

ஊரில் எல்லோரும் செய்வதுதான். புதுச் சாமானாக ஒன்று வாங்கி வந்து, இருக்கிற தலைவரைவிட அதற்கு வயதைக் கூட்டிவிட வேண்டும். ஒளிவுமறைவு கிடையாது, வாசலில் உட்கார்ந்துதான் செய்வார்கள். ஆனால் எந்தச் சாமானை வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். மேலத்தெரு ராமாத்தாள் அவசரத்தில் ஒரு பூட்டுக்கு வயதைக் கூட்டித் தலைவராக்கிவிட்டு, மூன்று மாதம் குடும்பத்தோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள்.

துளசிமணி ஊர்த் திடலில் போட்டிருந்த பொருட்காட்சிக்குப் போய் ஒரு கப்பல் பொம்மை வாங்கினாள். முழங்கை நீளம், மேலே தங்க நிறப் பூச்சு, கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பளபளக்கிற சாமான் எல்லாமே கைக்குழந்தைதானே, வழியெல்லாம் சிணுங்கிக்கொண்டே வந்தது. அவள் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி வந்தாள்.

மறுநாள் காலை வேலையை ஆரம்பித்தாள். கணக்கு ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதான். உப்புத்தாளால் ஒரு தேய்ப்புக்கு ஐந்து வருடம். ஆறு முறை தேய்த்தாள். பளபளப்புப் போய்க் கப்பல் முப்பது வயது ஆளாக நிதானப்பட்டது. டீ டிகாஷனைத் திக்காக இறக்கிப் பூசினால் ஒரு பூச்சுக்கு எட்டு வருடம். ஐந்து பூச்சு. பிறகு விளிம்புகளில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்து, மேலே பழுப்புப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் சுரண்டினாள். மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் பொரிந்து உதிர, அதில் ஒரு முப்பது வருடம். ஆணிகளை வினிகரும் உப்பும் கலந்து நனைத்தாள். துரு ஏறியது, இன்னும் இருபது. ஆக நூற்றிருபது. ஆட்டுக்கல்லைவிட இரண்டு வருடம் கூட. பெரியவரை ரொம்பவும் பின்னுக்குத் தள்ள அவளுக்கு மனசில்லை. கப்பலை மொட்டைமாடியில் வெயிலுக்கு வைத்துவிட்டு, மாவு மில்லுக்குப் போனாள்.

ஓரகத்தி கோகிலவாணி மாடிக்குத் துணி எடுக்கப் போனது அப்போதுதான். சின்னவளுக்கு அக்காமேல் உயிர். அக்கா எடுத்த வேலையை அரைகுறையாக விட்டுப் போய்விட்டாள், நாம் முடித்து வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். உட்கார்ந்து, ஆணித் துருவை மட்டும் விட்டுவிட்டு, உப்புத்தாளிலிருந்து மற்ற எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். கைவேலையில் அவள் கெட்டிக்காரி வேறு. கடைசியில் இடுக்குகளில் காப்பித்தூளைக் குழைத்து அப்பி, அதில் ஒரு பதினாறு வருடத்தை ஏற்றி, அழகு பார்த்துவிட்டு இறங்கினாள். அக்காவிடம் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வயது ஆய்வாளர் வந்தார். கப்பலை நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார், காதோடு வைத்துக் கேட்டார். இருநூற்று முப்பத்தாறு என்று எழுதினார்.

துளசிமணி சின்னவளைப் பார்த்தாள். "நீயும் போட்டயா?"

"நீங்க முடிச்சுட்டீங்கன்னு தெரியாதுங்க்கா."

இரண்டு பேர் உப்புப் போட்ட குழம்பைக்கூடத் தண்ணீர் விட்டுச் சரிசெய்துவிடலாம். ஏறின வயதை இறக்க வழியில்லை. ஆய்வாளர் பதிவேட்டைத் திருத்திவிட்டுப் போனார். ஆட்டுக்கல் ஒன்றும் தகராறு செய்யவில்லை. இனிமேல் நிம்மதியாக மாவாட்டலாம் என்று சொல்லிவிட்டது.

கப்பலுக்குக் காது மந்தம். தான் போகாத புயல்களையெல்லாம் நினைவு வைத்திருந்தது. துளசிமணியை யாரோ மாலுமி என்று நினைத்துக்கொண்டு முத்தையா என்று கூப்பிட்டது. யார் எதைக் கேட்டாலும் "புறப்படு" என்று ஒரே சொல். விதைக்கடலை வாங்கலாமா என்று கேட்கப்போன சென்னியப்பன், தலைவர் பேச்சைத் தட்டாமல் புறப்பட்டு, ஈரோடு பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு டீயும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் முறை. முகம் ஒரு வாரம் மலர்ந்தே இருந்தது.

துளசிமணியின் விண்ணப்பத்துக்கும் அதே பதில் கிடைத்தது. கூடவே தானும் வருவதாகச் சொன்னது. மறுக்க முடியுமா? ஜன்னலோரத்தில் அதை உட்காரவைத்து, பக்கத்தில் சின்னவளும் அவளுமாக மகளிர் குழு பஸ்ஸில் போனார்கள்.

கடற்கரையில் மணல் முடிகிற இடத்தில் ஒரு மேசை போட்டு அந்த ஊர் வயது ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலையில் ஈரத் துண்டு. அவருக்குப் பின்னால் கடல். பதினேழு முறை கேட்டபோது இவ்வளவையா கேட்டோம் என்று துளசிமணிக்கு இருந்தது. செருப்பைக் கழற்றினாள்.

ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார். காலை நனைப்பதென்றால் கடலின் வீட்டுத் தலைவரிடம் சம்மதம் வாங்க வேண்டும். முறை அதுதான், அவளுக்கும் தெரியும். தலைவர் யார் என்று கேட்டாள். கடலின் இன்றைய வயதைப் பார்த்தால்தான் தெரியும் என்று அவர் எழுந்து போய்க் கடலை நகத்தால் சுரண்டினார். ஒரு கீறல் கிடையாது, ஒரு கறை கிடையாது. வெயிலில் பளபளவென்று இருந்தது. காதை வைத்துக் கேட்டார்.

"பொறந்து ஒரு நாள்தாம்மா ஆவுது. கூடப் பெரியவங்க யாரும் இல்ல. சம்மதம் சொல்ல ஆளில்லாத பிள்ளையத் தொட விட முடியாது" என்றார்.

வந்தும் கால் நனையவில்லை. துளசிமணிக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னவள் சும்மா இருப்பாளா, பிளாஸ்க்கில் இருந்த டீ முழுவதையும் கடலில் ஊற்றினாள். எட்டு வருடமாவது கூடட்டும் என்று பார்த்தாள். அடுத்த அலை வந்து துடைத்துவிட்டது. கைப்பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தும் பார்த்தாள். தேய்த்த அலை போய் வேறு புது அலை வந்தது. இப்படித்தான் அம்மா, எத்தனை பேர் வந்து பூசினாலும் மறுநாளும் ஒரு நாள் வயதுதான் என்றார் ஆய்வாளர். பிள்ளைகள் காப்பகத்துக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும், அங்கே தொட்டில் போதாது என்று பதில் வந்ததாகவும் சொன்னார்.

யாராவது பொறுப்பெடுத்துக்கொள்ளலாமா என்று துளசிமணி கேட்டாள். எடுக்கலாம் என்று ஒரு படிவத்தை நீட்டினார். கப்பலுக்கு முன்னால் வைத்தார்கள். இருநூறு தாண்டியவர்களின் கையெழுத்து செல்லாது என்று அவரே திரும்ப எடுத்துக்கொண்டார். சின்னவளுக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், நாலாவதைத் தாங்காது என்று பின்வாங்கினாள். படிவம் துளசிமணியின் முன்னால் வந்து நின்றது. "குடும்பத் தலைவர்" என்ற கட்டம் காலியாக இருந்தது. இத்தனை வயதில் அந்தக் கட்டத்தில் அவள் பேர் ஒரு நாளும் ஏறியதில்லை.

"எம் பேர எழுதுங்க" என்றாள்.

அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். தலைவரிடம் சம்மதம் கேட்க வேண்டுமே என்று ஆய்வாளர் மரியாதையாக எழுந்து நின்று, உங்கள் கடலில் நீங்கள் கால் நனைத்துக்கொள்ளலாமா என்று அவளிடமே கேட்டார். துளசிமணி கொஞ்ச நேரம் யோசித்தாள். தலைவர் என்றால் யோசிக்கத்தான் வேண்டும். பிறகு சரி என்றாள்.

தண்ணீர் கணுக்கால்வரை ஏறியது. மூன்று மணிக்குப் பஸ் கிளம்புவதற்குள் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்துப் பதிய வேண்டும் என்றார் ஆய்வாளர். அவள் குனிந்து இரண்டு கையாலும் அதை அள்ளி, முகம் யார் ஜாடை என்று பார்த்தாள்.