குருமூர்த்திக்கு ஒரு கப் டீ

குருமூர்த்தி என் புருஷன் பெயரைச் சொல்லி மைக்கில் அழுதபோது நானும் கூடவே அழுதேன். அவன் செய்த மற்றதையெல்லாம் ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ, என்னை அப்படி அழவைத்ததை மட்டும் மறக்க மாட்டேன்.

அது போன ஆடி மாசம். தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அரசாங்கம் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறது, அதற்கு முன்னால் ஊர் ஊராக ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று சொல்லி, விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கேட்க வந்த குழுவுக்குத் தலைவன் இந்தக் குருமூர்த்தி. எங்கள் பக்கத்து ஆள்தான், கட்சியில் பெரிய கை. அந்தச் சட்டத்தில் ஏழாவது பிரிவு என்று ஒன்று இருந்தது. உயிர் போகிற நிலையில் வருகிற யாரையும் எந்த ஆஸ்பத்திரியும் வாசலோடு திருப்பி அனுப்பக் கூடாது என்றது அது. அந்த ஒரு பிரிவுக்காகத்தான் நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

என் புருஷன் பழமலையும் நானும் ஒரே செராமிக் கம்பெனியில்தான் வேலை பார்த்தோம். அவர் சூளையில், நான் கப்புகளுக்குப் பூ எழுதுகிற இடத்தில். ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் போட்டு, பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கதவைத் திறக்கவே இல்லை. "பெரிய கேஸும்மா. இங்க வச்சு எதுனா ஆயிட்டா ஆஸ்பத்திரி பேரு கெட்டுடும். கடலூருக்குக் கொண்டு போங்க" என்றான் வாட்ச்மேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி முதலாளி டாக்டர் திருமால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டினேன், கும்பிட்டேன், கத்தினேன். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். பழமலை அந்த ஆட்டோவிலேயே, அந்த வாசலிலேயே போய்விட்டார்.

கூட்டத்தில் அதே திருமால்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் சார்பில் முதலில் பேசினார். "கடைசி நிமிஷத்துல எல்லாரையும் கொண்டாந்து எங்க தலையில கட்டினா, நாங்க எப்படிங்க ஆஸ்பத்திரி நடத்துறது?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஆள் ஆளுக்குக் கத்தினார்கள். அடுத்து மைக் என் கைக்கு வந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்த டாக்டரைக் கையைக் காட்டிச் சொன்னேன். ஏழாவது பிரிவு வேண்டும் என்று சொல்லி முடித்தபோது மண்டபமே கை தட்டியது.

குருமூர்த்தி மேடையை விட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான். மைக்கை வாங்கிக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பழமலையோட சாவு வீணாப் போவாது. ஏழாவது பிரிவ ஒரு எழுத்து கொறையாம கொண்டாந்தே தீருவேன். இது என் தங்கச்சிக்கு நான் குடுக்குற வாக்கு" என்றான்.

அங்கேதான் அழுதேன். என்னைப்போல ஒரு முட்டாள் உண்டா?

தை பிறக்கும் முன்பே சட்டம் நிறைவேறிவிட்டது. பேப்பரில் எட்டுப் பத்தி போட்டிருந்தார்கள். ஆறாவது பிரிவு இருந்தது, எட்டாவதாக இருந்தது ஏழாவதாகி இருந்தது. எங்கள் பிரிவைக் காணோம். ஏன் எடுத்தார்கள் என்பதற்குக் குருமூர்த்தி கையெழுத்துப் போட்ட குழு அறிக்கையிலிருந்து ஒரு வரியும் போட்டிருந்தார்கள்: விருத்தாசலம் உட்பட எந்த ஊரிலும் பொதுமக்கள் யாரும் இப்பிரிவைக் கேட்கவில்லை.

அப்படியானால் நான் யார்? மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியது யார்?

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்கே போனேன். ஹாலில் தனியாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கூட்டத்தில் என்னைத் தங்கச்சி என்றவனுக்கு என் பெயரை நினைவுக்குக் கொண்டுவரவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"யாரும் கேக்கலன்னு எழுதிக் குடுத்துருக்கீங்களே, நான் கேக்கலிங்களா?"

"கோச்சுக்காத அம்சவல்லி. கேக்குறவங்க கேக்கத்தான் செய்வாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க நம்ம பக்கம் நின்னாதான் அடுத்த தேர்தல்ல நாம தலை தூக்க முடியும்." கையைக் கழுவிக்கொண்டே சிரித்தான். "வாசல்ல செத்தவனுக்கு ஓட்டு இல்லம்மா. சரி, டீ குடிச்சிட்டுப் போ."

டீ வந்தது. நான் தொடவில்லை.

அந்த வார்த்தையை யாரிடம் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? சாட்சி அவன் வீட்டுச் சுவர்தான். கம்பெனியில் பேக்கிங் பார்க்கிற காசியம்மாளிடம் மட்டும் சொன்னேன். அவள் கப்புகளுக்கு நடுவே வைக்கோலை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ராத்திரி படுத்தால் அந்தச் சிரிப்புதான் கேட்கும். அவன் நாசமாகப் போக வேண்டும் என்று கோயிலில் நின்று வேண்டியிருக்கிறேன். சாமிக்குக் காது கேட்டதோ என்னவோ, அவனே வந்து என் கையில் மாட்டினான்.

புதுச் சட்டம் கொண்டுவந்ததற்காகக் குருமூர்த்திக்குப் பாராட்டு விழா என்று எங்கள் முதலாளி ராஜமாணிக்கம் ஒரு நாள் வந்து சொன்னார். ஊருக்கு ஊர் சால்வை போடுவார்கள், எங்கள் ஊரில் கப்பு கொடுப்பார்கள். வெளியே 'மக்கள் நலம் காத்த குருமூர்த்தி' என்று நீலத்தில் ஸ்டாம்ப் குத்திய கப்பு. மேடைக்கும் முன்வரிசைக்கும் மட்டும் கைப்பிடி வைத்த பெரிய கப்பு. விழாவிலேயே அதில் டீ கொடுத்து, கையோடு கொடுத்து அனுப்ப வேண்டுமாம். ஸ்டாம்ப் குத்துகிற வேலை என்னுடையது.

சூளை வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு முறை சுட்ட கப்பின் மேல் நீலத்தில் எழுதி, கிளேஸ் என்கிற பளபளப்புக் கலவையில் முக்கி எடுத்தால், கோலமாவைக் கரைத்து ஊற்றியதுபோல வெள்ளையாக மூடிக்கொள்ளும். எழுதியது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மறுபடி சூளையில் வெந்தால்தான் அந்த வெள்ளை கண்ணாடியாகும், அடியில் இருப்பது மேலே வரும். வந்துவிட்டால் பிறகு தேய்த்தாலும் போகாது, கழுவினாலும் போகாது.

பெரிய கப்பு ஒவ்வொன்றின் உள்ளேயும், அடியில், மெல்லிய பிரஷ்ஷால் எழுதினேன். பூ எழுதும்போதுகூட அவ்வளவு ஆசையாக எழுதியதில்லை. முதலாளி சூளைக்கு ஏற்றும் முன் வந்து ஒரு கப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் வெள்ளை. "நல்லா வந்துருக்குது" என்று வைத்துவிட்டுப் போனார்.

விழா அன்று காலையில்தான் சூளை பிரித்தோம். முதலாளி விருந்தாளிகளை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். காசியம்மாள் முதல் கப்பை எடுத்தாள். உள்ளே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கப்பை வைக்கோலில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

உடையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்கள் இரண்டு பேரையே மண்டபத்துக்கு அனுப்பினார் முதலாளி. அதே மண்டபம். கப்புகளை நாங்களே எடுத்து வைத்து, நாங்களே டீ ஊற்றினோம். மேடையில் குருமூர்த்தி, பக்கத்தில் டாக்டர் திருமால், முன்வரிசையில் பெரிய மனுஷர்களும் பேப்பர்காரர்களும்.

"டீ சாப்டுங்க சார்" என்று குருமூர்த்தி கையில் நானே கொடுத்தேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

முதலில் குடித்து முடித்தது திருமால். கப்பைக் கீழே வைக்கப் போனவர் வைக்காமல் உள்ளேயே பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. உள்ளங்கையால் கப்பின் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் முன்வரிசையில் ஒருவர் கப்பை இன்னொருவர் வாங்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். நன்றி சொல்ல மைக் முன்னால் வந்த குருமூர்த்தி, தொண்டையை நனைக்க மீதி டீயைக் குடித்தான். அவனும் பார்த்தான்.

வாசலில் செத்தவனுக்கு ஓட்டு இல்லை - குருமூர்த்தி.

கட்டை விரலால் தேய்த்தான். துண்டை விட்டுத் தேய்த்தான். பேப்பர்காரர் ஒருவர் எழுந்து, தன் கப்பில் இருந்ததை உரக்கப் படித்துவிட்டு, "சார், இது நீங்க சொன்னதுங்களா?" என்று கேட்டார். ஒரு 'இல்லை' சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் அவனுக்குக் கோபம் முந்திக்கொண்டது.

"எவ வேல இது? என் வூட்டு ஹால்ல உக்காந்து தனியா ஒருத்திகிட்ட சொன்னத, எவ இங்க கொண்டாந்து எழுதுனவ?"

மைக் அதை மண்டபத்துக்கும் சொன்னது, வெளியே ரோட்டில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களுக்கும் சொன்னது. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

டீ கெட்டிலோடு மேடையேறி அவன் பக்கத்தில் நின்றேன்.

"நான்தாங்க எழுதுனேன். பழமலை பொண்டாட்டி. ஏழாவது பிரிவு வேணும்னு விருத்தாசலத்துல ஒருத்தி கேட்டான்னு இப்ப எழுதிக்குங்க."

"ரெண்டு பேருன்னு போட்டுக்கோ" என்று காசியம்மாள் கீழேயிருந்து கத்தினாள். அப்புறம் பின்வரிசையிலிருந்து யார் யாரோ எழுந்து கத்தினார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. திருமால் பின்கதவு வழியாகப் போகப் பார்த்தார், அங்கேயும் ஆட்கள் நின்று வழிவிடவில்லை.

குருமூர்த்தி என் பக்கம் திரும்பினான். உதடு துடித்தது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அது நிஜ அழுகை. நான் அழவில்லை.