மேனேஜரின் பிடரியில் காய்த்த குலை

தோட்ட மேனேஜரின் பிடரியில் முதல் குலை பழுத்தபோது அதன் எடை பதினோரு கிலோ. எண்ணெய்ப்பனையில் முதல் காய்ப்புக்கு அது நல்ல எடை என்றார்கள் ஆலைக்காரர்கள். காய்த்தது மனிதன் என்பதை ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை.

விஷயம் பவுடரம்மாவிடமிருந்து தொடங்குகிறது. எண்ணெய்ப்பனையில் ஆண் பாளையும் பெண் பாளையும் ஒரே மரத்தில்தான் வரும். ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்க்காத தம்பதி மாதிரி, இது வரும்போது அது வராது. அதனால் ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொரு மரத்துக்கு யாராவது சுமக்க வேண்டும். நாற்பது பெண்கள் அந்த வேலையைப் பார்த்தார்கள். மகரந்தத்தை முகப்பவுடரோடு கலந்து, ரப்பர் குமிழ் வைத்த குழலில் அடைத்து, மட்டை முள் முழங்கையைக் கிழிக்கக் கிழிக்க, விரிந்த பெண் பாளைகளில் பீய்ச்சுவார்கள். அவர்களுக்குத் தலைவி பவுடரம்மா. பத்தொன்பது வருஷம் பீய்ச்சியதில் அவள் புருவமே வெளிர்மஞ்சளாகிவிட்டது. எந்தப் பாளை இன்று விரியும், எது நாளை என்று பத்தடி தள்ளி நின்று, காற்றில் வரும் சோம்பு வாசனையை வைத்தே சொல்வாள்.

மேனேஜருக்கோ, வந்து ஆறு வருஷமாகியும் ஆண் பாளை எது, பெண் பாளை எது என்று தெரியாது. தெரியாததை உரத்த குரலால் மூடிக்கொள்வார். எந்தக் காகிதம் வந்தாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். படித்தால் நேரம் வீணாம். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

ஒரு நாள் வண்டுப் பெட்டிகள் வந்தன. அரிசி மணியைவிடச் சின்னக் கூன்வண்டுகள், மகரந்தம் சுமப்பதையே பிழைப்பாகக் கொண்டவை. மேனேஜர் நாற்பது பேரையும் உரக் கிடங்கின் முன்னால் நிற்கவைத்தார். "இந்த வண்டு லீவு கேக்காது, இடுப்பு வலின்னு உக்காராது. நாளையிலேர்ந்து நீங்க யாரும் வர வேண்டாம்" என்றார். பவுடரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் ஆள் ஒரு ஆளாக இருக்க வேண்டுமே. துப்பியிருப்பாள், வாய் உலர்ந்திருந்தது. கையில் குழல் இருந்தது. குமிழை ஒரு அழுத்து அழுத்தி, மிச்சமிருந்த தூள் முழுவதையும் அந்தக் கொழுத்த பிடரியில் பீய்ச்சிவிட்டு, கோணி தைக்கும் கிடங்கில் வேலை கேட்கப் போனாள்.

ஐந்தரை மாதத்தில் குலை பழுத்தது. டாக்டர் தடவிப் பார்த்து, ஆரோக்கியமாக இருக்கிறது என்றார். முள் குத்துகிறதென்று மனைவி வேறு அறைக்குப் போய்விட்டாள். நாற்காலிக்கடியில் பத்துப் பழம் தானாக உதிர்ந்ததும், பக்குவம் தெரிந்து குலை வெட்டுகிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் பவுடரம்மாவின் வீட்டுக்காரர். சாயங்காலம் வந்து அவளிடம் சொன்னார்: "கழுத்த நீட்டி உக்காந்துக்கிட்டு, காம்ப நீளமா விடாதேன்னு எனக்கே பாடம் நடத்துறாரு." அவமானப்பட வேண்டிய மேனேஜர் பூரித்துப்போயிருந்தார். தோட்டத்திலேயே அந்தக் குலையில்தான் எண்ணெய் அதிகம். முதலாளிகள் வந்து படமெடுத்தார்கள். அதன்பிறகு அவர் கூட்டங்களில் பிடரி தெரியும்படி ஒருச்சாய்ந்து உட்காரத் தொடங்கினார்.

பிடரியில் அடுத்த பாளை விரிந்தது. வண்டுகள் கிட்டப் போகவில்லை. பூ கருகி, அழுகி, அலுவலகமே நாறியது. முதலில் பீய்ச்சியவளையே கூட்டிவரச் சொல்லித் தலைமை அலுவலகம் கடிதம் போட்டது. மேனேஜர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார். அவள் உள்ளே வரச் சொல்லவில்லை.

"நான் மட்டும் வர மாட்டேன். நாப்பது பேரும் வருவோம்."

ஒரு கழுத்துக்கு நாற்பது பேரா என்று கேட்டார்.

"கழுத்துக்கு ஒருத்தி போதும். மத்தவங்க மரத்துக்கு."

நாற்றம் தாங்காமல், நாற்பது பேரையும் திரும்ப எடுப்பதாக அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிறகு பன்னிரண்டு வருஷம் மாதம் இரண்டு குலை தவறாமல் வந்தது. மரங்களுக்கு உரம் வைக்கும் நாளில் அவருக்கும் ஒரு படி பொட்டாஷ் உப்பு வந்தது, சோற்றில் பிசைந்து தின்றார். இடையில் எப்போதோ அவர் பெயரை ஊழியர் பட்டியலிலிருந்து அடித்து, மரப் பதிவேட்டில் எண் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்திலும் அவர் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஓய்வு வயது வந்ததும் விண்ணப்பித்தார். அப்படி ஒரு ஊழியர் இல்லை, அந்த எண்ணுள்ள மரத்துக்கு இன்னும் பதினோரு வருஷக் காய்ப்பு இருக்கிறது என்று பதில் வந்தது.

மறுநாள் காலை பவுடரம்மா குழலோடு வந்தபோது, முதன்முறையாக அவளை அம்மா என்றார். "இந்தத் தடவை ஊதாம விட்டுடும்மா. காஞ்சு விழட்டும்."

அவள் அவரைப் பார்த்தாள். குலை இழுத்து இழுத்துக் கழுத்து முன்னால் வளைந்திருந்தது. அவளுக்குள் ஒரு துளி இரக்கம் கசிந்தது. இந்த ஆளுக்காகவா என்று அதன்மேலேயே அருவருப்பு வந்தது. இந்தப் பாளை காய்ந்து விழுந்தால் அடுத்த வாரமே நாற்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அதுவும் அவளுக்குத் தெரியும்.

"தலையக் குனிங்க சார்" என்றாள். குனிந்தார். குமிழை இரண்டு முறை நிதானமாக அழுத்திவிட்டு, வெளியே மற்றவர்கள் காத்திருந்த வரிசைக்குப் போனாள்.

அந்த மாதக் கடைசியில் புது மேனேஜர் வந்தார். முதல் நாள் சுற்றிப் பார்க்கையில், இது ஒன்று மட்டும் ஏன் வரிசை தப்பி வராந்தாவில் நிற்கிறது என்று கேட்டார். பழைய நடவு, நன்றாகக் காய்க்கிறது என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்கு நடந்தார்.