பால்கனியில் யாரும் நிற்க வேண்டாம்

மாதவி இருந்தவரை ஹரீஷ் வங்காளியில் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. தேவை இருக்கவில்லை. அவன் தமிழில் சொல்வான். அவள் அதை வாங்கி வங்காளியில் கொடுப்பாள். காய்காரர், வீட்டுக்காரர், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் எல்லோரும் அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். தாத்தா காலத்திலேயே வங்காளத்துக்கு வந்து லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பம் அவளுடையது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பக்கத்து வீட்டு முகர்ஜியின் மகள் பேசுகிறாள் என்றுதான் தோன்றும். ஹரீஷ் திருச்சிக்காரன். கல்யாணம் ஆகி, வேலையையும் மாற்றிக்கொண்டு இங்கே வந்தவன்.

போன நவம்பரில் டெங்கு. ஒரு வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் எந்த மொழியிலும் அதிகம் பேசவில்லை.

இப்போது மறுபடியும் பூஜை. சந்து முழுக்க மூங்கில் குவிந்து கிடந்தது. சிலை வண்டி சந்துக்குள் நுழையும்போது முதல் மாடி பால்கனியில் பெண்கள் வரிசையாக நின்று சங்கு ஊதிப் பூப்போடுவது அவர்கள் கட்டடத்தின் வழக்கம். போன வருடம் மாதவியும் நின்றாள். அவளுக்குச் சங்கு ஊத வராது. காற்றுதான் வந்தது. சிரித்துச் சிரித்து விட்டுவிட்டாள். ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் அவன் அந்த இடத்தை நிமிர்ந்து பார்ப்பான். அப்படிப் பார்க்கிற பழக்கம் இல்லாவிட்டால் அந்த விரிசல் கண்ணில் பட்டிருக்காது.

பால்கனியின் அடிப்பக்கம், சுவரைத் தொடுகிற இடத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடிய கோடு. ஓரமெல்லாம் செம்பழுப்பு. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டிருக்கிறது. பழைய கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவதுதான் அவன் வேலை. அறிக்கைகளை எல்லோரும் நம்பினார்கள். எழுத்தில் அவனுக்கு உச்சரிப்பு கிடையாது.

சிலை வருவதற்கு முந்தின நாள் காலை, பூஜைக் கமிட்டிச் செயலாளர் சுகோமல்தாவிடம் போய்ச் சொன்னான். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நல்ல மனிதர். மாதவியைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது தோள் கொடுத்தவர்.

“பால்கனி விழும். நாளைக்கு யாரும் நிற்கக் கூடாது,” என்றான் ஹரீஷ், தெரிந்த வங்காளியில்.

சுகோமல்தா அதை அப்படியே திருப்பிச் சொன்னார். நாக்கை மடித்து, ஒவ்வொரு சொல்லையும் ஆணி அடிப்பதுபோல் அடித்து. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேலியில் விஷம் இல்லை. ஹரீஷும் சிரித்து வைத்தான்.

“ஐயோ, திட்டுற மாதிரி இருக்குப்பா. இங்கிலீஷ்ல சொல்லு.”

இங்கிலீஷில் சொன்னான்.

“இது அதைவிட வேகம்! அறுபது வருஷமா நிக்குது ஹரீஷ். எங்க அப்பா காலத்து சிமென்ட். நீ தனியா இருக்க, எதைப் பாத்தாலும் விழுற மாதிரிதான் தெரியும். மத்தியானம் வா, கிச்சடி சாப்பிடலாம்.”

எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது. நம்புவது வேறு விஷயம்.

அவன் பக்கத்திலேயே ஜோத்பூர் பார்க்கில் இருந்த ரோஹிணிக்கு போன் செய்தான். மாதவியின் தங்கை. பேங்கில் வேலை.

“அத்திம்பேர்! நீங்களா போன் பண்றேள்? என்னாச்சு?”

“சாயங்காலம் வர முடியுமா? ஒண்ணு சொல்லணும் இவாகிட்ட. நான் சொன்னா எடுபடல.”

“நீங்க சொன்னா எனக்கே எடுபடாது. தந்தி வாசிக்கற மாதிரி பேசுவேள். வரேன்.”

வந்தாள். பால்கனிக்கு எதிரே நிறுத்தி அவளுக்குக் காட்டினான். சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாகச் சுருக்கிக் கொடுத்தான். அவள் தலையாட்டிவிட்டு, கீழ்த்தளத்தில் கமிட்டி உட்கார்ந்திருந்த அறைக்குள் நுழைந்தாள். டீ வந்தது. மாதவியின் தங்கை என்று நாற்காலி வந்தது. அவள் பேசத் தொடங்கியதும் அறை அடங்கியது. பேச்சில் அச்சு அசல் அக்கா. ஹரீஷ் சுவரில் சாய்ந்துகொண்டான். பேச வராதே தவிர, அவனுக்குக் கேட்டால் எல்லாம் புரியும்.

“அப்படியா!” என்றார் சுகோமல்தா. “துருவா? இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே.”

முதல் மாடியில் குடியிருக்கும் கேயா பௌதியின் முகம் வாடியது. அண்ணி என்று சந்தே கூப்பிடும் அந்த அம்மாள்தான் வருடா வருடம் பால்கனியில் முதல் சங்கு ஊதுவாள்.

“முழுக்க வேண்டாம்னா எப்படிம்மா? கூட்டமா நிக்க வேண்டாம். ஒரு நாலு பேர் நின்னா?”

ரோஹிணி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள்.

“நாலு பேர்னா பரவாயில்ல பௌதி. கொஞ்ச நேரம்தானே.”

அறையே மூச்சு விட்டது. “பாத்தியா, இவ்வளவுதான்!” என்று சுகோமல்தா தொடையில் தட்டினார். நம்பிவிட்டார்கள். ஹரீஷ் சொன்ன உண்மையை நம்பாதவர்கள், அவள் சொன்ன தவறை உடனே நம்பிவிட்டார்கள்.

“என்ன சொன்னே நீ?” என்றான் ஹரீஷ் தமிழில்.

“சே, கோச்சுக்காதீங்கோ. அந்த அம்மா அழுதுடுவா போல இருந்தது. அக்காவும் இப்படித்தான் பண்ணுவா. ‘இந்தத் தண்ணியக் குடிச்சா செத்துப்போவான்’னு நீங்க சொல்லுவேள். ‘தொட்டிய ஒரு தடவ கழுவிட்டா நன்னா இருக்குமே’ன்னு அவ போய் சொல்லுவா. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. அத்தனை நாளும் அவன் சொன்னதில் மாதவி சர்க்கரை சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறாள். மாதவியைப் பற்றி அவனுக்கு ஒரு புது விஷயம் கிடைத்து ரொம்ப நாளாகியிருந்தது. ஆனால் தொட்டி வேறு, இது வேறு. இதில் சர்க்கரை சேர்க்க இடமில்லை.

அவன் சுவரை விட்டு முன்னால் வந்தான்.

“நாலு பேர் இல்லை,” என்றான் வங்காளியில். “ஒருத்தரும் இல்லை.”

“ரோஹிணி இப்பத்தானே...” என்று ஆரம்பித்தார் சுகோமல்தா.

“ரோஹிணி பேங்க். நான் இன்ஜினீயர்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை. “என் வங்காளி மோசம். தெரியும். பால்கனி அதைவிட மோசம். சுகோமல்தா, வெளியே வாங்க.”

அவன் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவர் எழுந்துவிட்டார். அறையில் இருந்தவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

சந்தில் கிடந்த மூங்கில்களில் நீளமான ஒன்றை எடுத்து ஹரீஷ் அவர் கையில் கொடுத்தான். முதலில் வாசலுக்கு மேலே இருந்த உத்தரத்தைக் காட்டினான்.

“தட்டுங்க.”

தட்டினார். மூங்கில் கையில் துள்ளியது. டக், டக் என்று கெட்டியான சத்தம்.

“இப்ப அங்கே. மெதுவா. நேர் கீழே நிக்காதீங்க.”

பால்கனியின் அடியில் தட்டினார். தொப். காலிப் பானையைத் தட்டினாற்போல. சற்றுத் தள்ளித் தட்டினார். தொப். இன்னும் தள்ளி. தொப். அவரே இப்போது யாரும் சொல்லாமல் நகர்ந்து நகர்ந்து தட்டினார். சுவர் ஓரத்தில் மூங்கில் பட்டதும் செம்பழுப்புத் தூள் பொலபொலவென்று அவருடைய வெள்ளைக் குர்தாவின் மேல் உதிர்ந்தது. அவர் தூளைப் பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார். இரண்டு எட்டு பின்வாங்கினார்.

“பௌதி,” என்றார். “உங்க பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை என்கிட்ட கொடுங்க. அதை ஒட்டிக் கட்டின பந்தல் மூங்கிலையெல்லாம் அவுக்கச் சொல்றேன்.”

கேயா பௌதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோஹிணியிடம் திரும்பினாள். “அப்ப நாளைக்கு நாங்க எங்க நிக்கறது?”

ரோஹிணி கையை விரித்தாள். “என்னைக் கேக்காதீங்க பௌதி. நான் பேங்க்.”

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். பௌதி ஹரீஷிடம் கேட்டாள். அவன் எதிர்ப்பக்க நடைபாதையைக் காட்டினான். மேடை போட்டால் தாங்குமா என்று கேட்டாள். எவ்வளவு உயரம், எத்தனை பேர் என்று அவன் திருப்பிக் கேட்டான். இரண்டு மூன்று இடத்தில் அவனுக்குச் சொல் கிடைக்கவில்லை. பௌதி காத்திருந்தாள். கிடைத்ததும் தலையாட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் சந்தில் கால் வைக்க இடமில்லை. பால்கனிக்குக் கீழே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஆட்கள் புகுந்துகொண்டே இருந்தார்கள். கயிறு எதற்கு என்று வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? சுகோமல்தா இரண்டு முறை மைக்கில் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நிமிரவில்லை. மைக்கைக் கொண்டுவந்து, எதிர்ப்பக்க மேடையருகே நின்ற ஹரீஷின் கையில் திணித்தார்.

“நீ சொல்லு. நான் சொன்னா, செருப்பு பத்திரம், பர்ஸ் பத்திரம்னு சொல்ற வழக்கமான மைக்னு விட்டுடறாங்க.”

“சிரிப்பாங்க.”

“நீ சொல்லுப்பா.”

ஹரீஷ் மைக்கை வாயருகே கொண்டுபோனான். “பால்கனிக்குக் கீழே நிற்காதீர்கள். அது பலமாக இல்லை.”

சந்து முழுக்கத் தலைகள் திரும்பின. எந்த ஊர்க்காரன் இவன் என்று தேடினார்கள். கயிற்றுக்குள் நின்ற இரண்டு பையன்கள் அதே நாக்கு மடிப்போடு அவன் சொன்னதைச் சொல்லிக் கைகொட்டினார்கள். சொல்லிக்கொண்டே மேலே பார்த்தார்கள். பார்த்ததும் வெளியே வந்தார்கள். குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர் சிரித்தபடி விலகினார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் விலகியது.

அவன் மறுபடியும் சொன்னான். பால்கனிக்குக் கீழே வெறும் தரை தெரிந்தது. சந்தின் முனையில் மேளம் கேட்டது. எதிர்ப்பக்க மேடையில் கேயா பௌதி சங்கை எடுத்தாள். பக்கத்தில் ரோஹிணி, கை நிறையப் பூவோடு.

மூன்றாவது முறை சொல்லும்போது அவன் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சேர்த்தான்.

“எதிர்ப்பக்கம் வாருங்கள். இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது.”