பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

எந்தப் புத்தகத்தையும் நான் பின்னாலிருந்துதான் பிரிப்பேன். கடைசியில் பெயர்ப் பட்டியல் இருக்கும், யார் யார் எந்தப் பக்கத்தில் என்று. அதைப் பார்த்துவிட்டு, தெரிந்த பெயர் இருந்தால் உள்ளே போவது வழக்கம். வீட்டுக் கம்ப்யூட்டர் பிறந்த கதையைச் சொல்லும் புத்தகங்களை நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஐந்து படித்து முடித்தேன். எல்லாவற்றிலும் ஒரு கார் ஷெட், இரண்டு இளைஞர்கள், தூங்காத கண்கள், துவைக்காத சட்டைகள். அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்று எங்கேயும் காணோம். போகட்டும், எனக்கு அவர்கள் யாரோ என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது புத்தகத்தை அப்படி விட முடியவில்லை. அதில் நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனி இருந்தது. பட்டியலில் என் நாத்தனார் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கணவர் பெயரோடு சேர்த்துத் தேடினேன், அப்பா பெயரோடு சேர்த்துத் தேடினேன்.

"இன்னும் துடைச்சா கம்பி மட்டும்தான் மிஞ்சும்," என்றார் என் கணவர்.

"உங்க தங்கச்சி வந்திருக்கா. பாருங்க. பக்கம் எம்பத்தேழு, நூத்தி நாப்பது, இருநூத்திப் பன்னெண்டு."

"அட, மூணு பக்கமா!" என்று அவர் சந்தோஷப்பட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் நாத்தனாரை வீட்டில் மைனா என்போம். யார் பேசினாலும் அதே குரலில் திருப்பிப் பேசிக் காட்டுவாள், அதனால். கம்பெனியில் அவள் ப்ரோக்ராம் எழுதினாள். கட்டம் ஓடும், கட்டத்தைத் துரத்தி இன்னொரு கட்டம் ஓடும், அந்த மாதிரி விளையாட்டுகள். எண்பத்தேழும் நூற்று நாற்பதும் அதைப் பற்றித்தான். நியாயம்தான், எழுதினாள், பெயர் வந்தது. ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டில் இப்படி இருந்தது: "கேசட் ஓடும் சத்தத்தைக் கேட்டே அது நல்லதா பழுதா என்று சொல்லிவிடும் அபூர்வமான காது அவருக்கு இருந்தது."

அந்தக் காது என்னுடையது.

அப்போதெல்லாம் ப்ரோக்ராமைக் கேசட்டில்தான் விற்போம், பாட்டு கேசட் மாதிரியே. ஆறு ரெக்கார்டர்களை வரிசையாக வைத்துப் பிரதி எடுப்பது என் வேலை. ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். அதற்கு நேரம் கிடையாது. ஓடவிட்டு அங்கங்கே கேட்பேன். முதலில் விசில் மாதிரி ஒரே சீராக ஒரு நீளச் சத்தம் வரும். பிறகு தகரத்தைப் பிராண்டுகிற மாதிரி கரகரப்பு. விசில் ஒரு இடத்தில் ஆடினால் நாடா சுருங்கியிருக்கிறது. கரகரப்பு மழுங்கினால் ரெக்கார்டரின் ஹெட்டில் அழுக்கு; பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது.

மைனாவுக்குப் போன் செய்தேன்.

"புத்தகம் பாத்தேன்."

"ஐயோ அண்ணி, பாத்தீங்களா! போட்டோல என் மூக்கு எவ்வளவு பெருசா..."

"காதும் பெருசாத்தான் இருக்கு."

"அதுவா? புத்தகம் எழுதினவர், சத்தத்த வச்சே கண்டுபிடிப்பீங்களாமேன்னு கேட்டார். ஆமான்னேன்."

"யாருன்னு சொல்லல?"

"சொல்றதுக்குள்ள அடுத்த கேள்விக்குப் போயிட்டார் அண்ணி."

"நீ பேசி முடிக்கறதுக்குள்ள ஒருத்தர் அடுத்த கேள்விக்குப் போனாரா? அவர் சாதாரண ஆள் இல்ல."

"சனிக்கிழமை வர்றார். ரெண்டாம் பதிப்புக்குத் திருத்தம் இருந்தா சொல்லணுமாம். நம்ம பழைய மெஷின் ஒண்ணும் கேசட் ஒண்ணும் அவருக்குக் கிடைச்சிருக்காம், கொண்டு வரார். நீங்களும் அண்ணனும் வாங்க. நானே சொல்லிடறேன்."

அவள் சொல்லி நான் புத்தகத்தில் ஏறவா? எனக்கு வேறு சாட்சி இருந்தது. கேசட் தேறிவிட்டால் அதன் கடைசிக்கு ஓட்டி, சோதித்தவரே மைக்கில் பேட்ச் நம்பரைச் சொல்லி, "சரி" என்று பதிய வேண்டும், முதலாளியின் ஏற்பாடு. வாங்கியவர்களுக்கு அது தெரியாது. ப்ரோக்ராம் ஏறியதும் எல்லோரும் ரெக்கார்டரை நிறுத்திவிடுவார்கள். நான் மட்டும் நிறுத்த விடப்போவதில்லை.

சனிக்கிழமை மைனா வீட்டுக்குப் போனோம். நுழைந்ததுமே டி.வி. பக்கத்தில் அந்தப் புத்தகம், வாசலைப் பார்த்து நிமிர்த்தி வைத்திருந்தாள், கல்யாண போட்டோ மாதிரி. புத்தகக்காரர் ஒல்லியாக, பணிவாக இருந்தார். அட்டைப்பெட்டியிலிருந்து மெஷினைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி மேஜையில் வைத்து, டி.வி.யோடு இணைத்தார். கேசட்டைப் போட்டார். மெஷினுக்குள்ளிருந்து விசில் கிளம்பியது. எத்தனை வருஷமோ ஆகிவிட்டது, இருந்தாலும் என் விரல் தானாக ஆட ஆரம்பித்தது.

"மேடம், இது தேறுமா?" என்று மைனாவைக் கேட்டார்.

"அங்க கேளுங்க," என்று என்னைக் காட்டினாள். "எனக்கு இப்ப இந்த மெஷின மாட்டினாத்தான் வாசல் மணியே கேக்குது." காதிலிருந்ததைத் தொட்டுக் காட்டினாள்.

"தேறும்," என்றேன்.

ஐந்து நிமிஷத்தில் திரையில் கட்டம் ஓடியது. புத்தகக்காரர் கை தட்டினார். ரெக்கார்டரை நிறுத்தக் கையை நீட்டினார்.

"நிறுத்தாதீங்க. அந்த ஒயர கழட்டுங்க, வெளிய கேக்கட்டும். கடைசி வரைக்கும் ஓடட்டும். இத யாரு சோதிச்சதுன்னு அதுவே சொல்லும்."

எல்லோரும் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். உஸ்ஸென்ற இரைச்சல். என் கணவர் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார்; நான் முறைத்ததும் மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு கனைப்பு. ஒரு பெண் குரல்.

"நூத்திப் பதினாலு. சரி."

"அட, நீதான்!" என்றார் கணவர், பிஸ்கட்டோடு.

"எங்க அண்ணியேதான்!" என்றாள் மைனா. "அந்தக் கனைப்பு ஒண்ணு போதாதா?"

புத்தகக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. கால் நிமிஷம் நிமிர்ந்திருக்கும். அப்புறம் அந்த நம்பர் உறைத்தது.

நூற்று ஒன்பதாவது பேட்ச்சை முடித்துவிட்டுத்தான் நான் பிரசவத்துக்கு வீட்டோடு இருந்தேன். திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தபோது நூற்று முப்பத்தொன்று. இடையில் நாலு மாசம் அந்த ரெக்கார்டர்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் இல்லாதபோது அங்கே வேலை நடந்திருக்கும் என்பதே என் மனசுக்குத் தோன்றியதில்லை.

என் கனைப்பு, என் இழுவை. ஆனால் "சரி"யின் வாலில் ஒரு சிரிப்பை அமுக்கியிருந்தாள். மைனா.

"உங்க குரல்னு போட்டுக்கலாமா மேடம்?" பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

மைனாவைப் பார்த்தேன். காதிலிருந்ததைத் திருகிக்கொண்டு, தட்டில் பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். உதட்டை உள்ளே மடித்திருந்தாள். யார் குரலிலாவது பேசிக் காட்டிவிட்டு அவள் அப்படித்தான் மடிப்பாள். அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தூக்கிக் கொடுக்கிறாள்.

தலையை ஆட்டினால் போதும், இருநூற்றுப் பன்னிரண்டு என்னுடையது. ஆனால் கொடுப்பதிலும் இவளே முந்திக்கொள்வாளா? ஆயுசு முழுக்க இவள் கொடுத்த பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதா?

"இல்ல. இது இவ," என்றேன்.

"அண்ணி!"

"சும்மா இரு. ரீவைண்ட் பண்ணி அந்த 'சரி'ய கேளுங்க சார். முடிவுல சிரிப்ப அடக்கறா. நான் வேலையில சிரிச்சதே கிடையாது."

"அதுக்கு நான் சாட்சி," என்றார் கணவர். "வீட்டுலயும்."

"எழுதிக்குங்க. நூத்திப் பத்துல இருந்து நூத்தி முப்பது வரைக்கும் இவ. அதுக்கு முன்னாடி எல்லாம் நான். அதுக்கு அப்புறம் கம்பெனிய மூடற வரைக்கும் நான். காதும் என்னுது. இவ பக்கத்து ரூம்ல இருந்து என்னைப் பாத்துப் பாத்துப் புடிச்சுக்கிட்டது."

"ஆமா சார், அதேதான்," என்றாள் மைனா. உடனே என் பக்கம் திரும்பினாள். "ஆனா அண்ணி, அந்த நாலு மாசத்துல ஒரு கேசட்டாவது பழுதுன்னு திரும்பி வந்துச்சா? ஒண்ணுகூட வரல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

நான் சோதித்ததில் பதினொன்று திரும்பி வந்தது. அதைப் புத்தகக்காரர் கேட்கவில்லை. நானும் எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை.

இரண்டாம் பதிப்பு எட்டு மாசம் கழித்து வந்தது. பின்னாலிருந்து பிரித்தேன். என் பெயர் இருந்தது. அவள் பெயருக்குக் கீழே இருந்தது.

"அகரவரிசைம்மா அது," என்றார் கணவர், நான் வாயே திறக்காதபோது.

அதற்குள் போன் அடித்தது.

"அண்ணி, பாத்தீங்களா? பேரு வந்தாச்சு!"

"பாத்தேன். உனக்கு எத்தனை பக்கம்?"

"அதே மூணுதான். உங்களுக்கு?"

"ஒண்ணு."

"ஆனா இருநூத்திப் பன்னெண்டு முழுக்க நீங்கதானே அண்ணி!"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை மேலிருந்து கீழே படித்தேன்.

"முழுக்க இல்ல," என்றேன். "கடைசி ரெண்டு வரி நீ."