மினதி நாயக்கின் எடை

எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழ் தெரியாத பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் கூரையை ஒட்டித்தான் இருப்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் மெல்ல மேலே போய்விடுவார்கள். அதனால் மின்விசிறியை நிறுத்திவைப்பது வழக்கம். அவர்கள் மொழியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவார்கள். அந்த வேலைக்கு என்னை வைத்திருக்கிறார்கள்.

அன்று வந்தவர் மினதி நாயக். ஒடியாக்காரர், பனியன் கம்பெனியில் தைக்கிறார். மகள் ஜிலி தரையில்தான் இருந்தாள்; தெருவில் விளையாடியே தமிழ் கற்றவள். என்ன, ஒரு வார்த்தை சொல்லி முடிக்க ஒரு டீ ஆறுகிற நேரம் ஆகும். அவளுக்கான சிறப்புக் கல்வித் திட்டத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

"மொதப் பக்கம் மட்டும் சொன்னாப் போதுங் கண்ணு," என்றார் தலைமையாசிரியை. "எல்லா உதவியும் செய்யறோம்னு அதுலயே இருக்குதில்ல."

சொன்னேன். மினதி அக்கா பாதி உயரத்துக்கு இறங்கினார். கையெழுத்துக்கு அந்த உயரம் போதும். ஒட்டடைக் கம்பில் பேனாவைக் கட்டி நீட்டினார்கள்.

அக்கா வாங்கவில்லை. "மிச்சமெல்லாம் என்ன, வெறும் காகிதமா?" என்று ஒடியாவில் என்னைக் கேட்டார்.

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"தம்பி, நேரமாகுது," என்றார் கூட்டத்துக்கு வந்திருந்த வட்டாரக் கல்வி அலுவலர்.

எனக்கு உரக்கப் பேச வராது. மெதுவாகவே படித்தேன். ஏழாம் பக்கத்தில் இருந்தது: ஜிலி பேசி முடிக்கும்வரை வகுப்பு காத்திருக்க முடியாது, இனி அவள் வீட்டிலேயே இருப்பாள், ஆசிரியர் எப்போதாவது வந்து பார்ப்பார். அதைச் சொன்னதும் அக்காவின் கால் தரையில் பட்டது; நாற்காலியில் உட்கார்ந்தார்.

வழக்கமாகக் கால் தரையில் பட்டதும் நிறுத்திவிடுவேன். அன்று நிறுத்தவில்லை. பெற்றோர் மறுக்கலாம் என்று பொடி எழுத்தில் இருந்ததைச் சொன்னேன். கேட்டால் வேன் உண்டு, வகுப்பில் கூட உட்கார ஆள் உண்டு என்பதையும் சொன்னேன். அக்கா இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார். நாற்காலி முனகியது. கீழே டைல்ஸ் விரிசல் விட்டது.

"முடியாது," என்றார். அதை மட்டும் தமிழிலேயே சொன்னார்.

"மேல இருந்து வந்த முடிவும்மா இது," என்றார் அலுவலர்.

நான் ஒடியாவில் சொன்னேன். அக்கா சொன்ன பதிலைத் தமிழில் சொன்னேன்: "நானும் மேல இருந்துதான் வந்தேன்."

அவரை எழுப்பி அனுப்பப் பார்த்தார்கள். வாட்ச்மேனும் வேன் டிரைவரும் சத்துணவு ஆயாவும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. "தாயீ, கொஞ்சம் தம் கட்டாம இருங்க," என்றார் ஆயா. ஜிலி அம்மா மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். அறையைப் பூட்டாமல் விட்டுப் போனார்கள்.

காலையில் பள்ளிக்கூடம் அக்கா பக்கம் சாய்ந்திருந்தது. ஜிலி படிக்கிற மூன்றாம் வகுப்பின் பென்சில்கள் முதலில் உருண்டு வந்தன. பிறகு பெஞ்சுகள், பிள்ளைகள், கரும்பலகை. கடைசியாக டீச்சர் புடவையைப் பிடித்தபடி சறுக்கி வந்து ஜிலியின் எதிரில் நின்றார். சாக்பீஸைத் தேடி எடுத்துக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

ஜிலியின் பெயர் வந்தது. அவள் "உள்ளேன் டீச்சர்" சொல்லி முடிப்பதற்குள் கடைத்தெருவும் வந்து சேர்ந்துவிட்டது.