ஓரத்தில் நின்றவள்

தையல் ஆலையின் நூல் வெட்டும் பிரிவில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். கையிலிருக்கும் கத்தரியால் வந்த பெயர் என்று நினைப்பவர்கள் அவள் வாய்ப்பேச்சைக் கேட்டதில்லை என்று அர்த்தம். அந்த வாய்க்கு வீட்டில் முதல் பலி அவள் நாத்தனார். ஒரே ஆலை, ஒரே அடுப்பு, ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு குக்கர் மூடியில் ஆரம்பித்த மூஞ்சித்தூக்கல், நாத்தனார் ஆலை வாசலில் வேன் மோதி முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போன பிறகும் தீரவில்லை. கத்தரி கஞ்சி வைப்பாள், மருந்து எடுத்துக் கொடுப்பாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். அப்படி ஒரு வீம்பு, இரண்டு பேருக்கும்.

விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தப்போகிறார்களாம், மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். கோடு போட்ட இடத்தை விட்டு வேறெங்கே சாலையைக் கடந்து அடிபட்டாலும் அது கவனக்குறைவு, இழப்பீட்டில் பாதி வெட்டு. இதுதான் திருத்தத்தின் லட்சணம். காப்பீட்டு அதிகாரி ஏற்கெனவே வீட்டுக்கு வந்து, என் கவனக்குறைவுதான் என்று கையெழுத்துப் போட்டால் பாதியை உடனே தருகிறோம் என்று நாத்தனாரிடம் தேன் ஒழுகப் பேசிவிட்டுப் போயிருந்தார். கத்தரியின் புருஷனுக்கும் அதில் சம்மதம். நாத்தனார் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

கருத்துக் கேட்கும் கூட்டத்தில் அதே அதிகாரி எழுந்து, ஆலை வாசலில் அடிபட்ட ஒரு பெண்ணையே உதாரணம் காட்டினார். அவசரம், அலட்சியம், அதன் விளைவு இது என்றார். அந்தப் பெண் ஊன்றுகோலோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கத்தரிக்கு வந்ததே கோபம், புருஷன் இழுத்த கையை உதறிவிட்டுப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"எங்க பஸ் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுட்டுப் போயிடும். கோடு போட்ட இடத்துக்குச் சுத்திட்டு வந்தா கேட்டைச் சாத்திடுவாங்க. அதனால கை கோத்துக்கிட்டு வரிசையா கடப்போம். வண்டி வர்ற பக்கம், ஓரத்துல ஒருத்தி கை காட்டிட்டு வருவா. தினம் ஒருத்தி முறை. அன்னிக்கு இவ முறை. வேனைப் பார்த்ததும் எங்களையெல்லாம் முன்னால தள்ளிவிட்டா. பக்கத்துல நான்தான் இருந்தேன். என் ரெண்டு காலும் இருக்கு, பாருங்க. எங்க எல்லாருக்கும் சேர்த்துக் கவனமா இருந்தவ இவ. இவளுக்கா கவனமில்லை?"

அதிகாரி தண்ணீர் குடித்தார். கூட்டத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வருத்தம்தான், ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்றார். இப்போதே கையெழுத்துப் போட்டால் பாதியை இந்த வாரமே கொடுக்கச் சொல்வதாக இரக்கமும் காட்டினார். புருஷன் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி.

நாத்தனார் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். கையெழுத்துப் போடத்தான் போகிறாள் என்று அதிகாரி பேனாவை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய் மைக்கின் முன்னால் நின்றாள்.

"கவனமில்லாம இருந்தேன்னு நான் எழுதித் தர மாட்டேன். பாதியும் வேண்டாம். கோர்ட்டுக்குப் போறோம்."

தலைவர் நேரம் முடிந்துவிட்டது என்று மணியை அடித்தார். நாத்தனார் மைக்கைக் கத்தரியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்க பேசுங்க, அண்ணி. நிறுத்தாதீங்க."