எலேனாவின்ர கையில பிழையில்லை

அக்‌ஷயாவைப் பாவம் எண்டு ஆரும் நினைக்க வேண்டாம். கெட்டிக்காரி, பேர்னில பிறந்து வளர்ந்தவள், ஆய்வுகூடத்தில புரொபெசருக்கு அவள்தான் செல்லப்பிள்ளை. அந்தச் செல்லம்தான் அவளைக் கெடுத்தது.

அவையின்ர வேலை இதுதான். கலத்துக்குள்ள இருக்கிற ஆர்.என்.ஏ இழைகளில அங்கங்க சின்னச் சின்ன இரசாயனக் குறிகள் ஒட்டிக்கிடக்கும். அதுகளில மட்டும் ஒளிருற சாயத்தை ஏத்தி, நுணுக்குக்காட்டியால படம் பிடிக்கிறது. படம் உண்மையோ எண்டு பாக்க, அந்தக் குறியை வைக்கிற நொதியமே இல்லாத கலங்களையும் படம் பிடிப்பினம். அதில ஒரு புள்ளியும் தெரியக்கூடாது.

அக்‌ஷயாவின்ர படத்தில நொதியமில்லாத கலம் கும்மிருட்டு. பேர்னின்ர பூம்ப்ளிஸ் பக்கமிருந்து அதே ஆய்வுகூடத்துக்கு வேலைக்கு வாற எங்கட தமிழ் எலேனாக்காவின்ர படத்தில அதே கலம் பளிச்செண்டு மின்னிச்சுது. "சாயம் வேற எதிலயோவும் ஒட்டுது" எண்டு எலேனா சொன்னாள். ஆர் கேட்டது? உன்ர கை சரியில்லை, மிச்சச் சாயத்தைக் கழுவுறது காணாது எண்டு புரொபெசர் முடிவு கட்டிப்போட்டார். எங்கட அக்‌ஷயா என்ன செய்தாள்? "பரவாயில்லை அக்கா, நான் காட்டித் தாறன்" எண்டு பெரிய மனுசி மாதிரிப் பக்கத்தில இருந்து பழக்கினாள்! எலேனாவும் கழுவிக் கழுவிப் பழகினாள். புள்ளிகள் போகேல்லை. அவளின்ர வேலை ஒப்பந்தத்தை நீட்டேலாது எண்டு சொல்லிப்போட்டினம். அந்த இடத்துக்கு வேற ஆளும் எடுத்தாச்சு.

எலேனாவின்ர கடைசிக் கிழமை, கட்டுரைக்காக அக்‌ஷயா தன்ர பழைய படங்களைத் திறந்தாள். நொதியமில்லாத கலத்துக்கு மட்டும் படத்தின்ர வெளிச்சத்தைக் குறைச்சு வைச்சிருந்தாள். ஆரும் சொல்லிச் செய்யேல்லை. கறுப்பாத்தானே இருக்க வேணும், மினுங்கிறது குப்பை எண்டு நினைச்சு, கறுக்கும்வரைக்கும் குறைச்சவள். இப்ப நொதியம் உள்ள கலத்தின்ர படத்துக்கும் இல்லாததின்ர படத்துக்கும் ஒரே வெளிச்ச அளவு வைச்சுப் பாத்தாள். ஐயோ கடவுளே! எலேனா கண்ட அதே புள்ளிகள். வெட்கத்தில அவளுக்குக் காது ரெண்டும் கொதிச்சுது.

சொன்னால் எலேனாவைப் போகாமல் மறிக்கலாம் எண்ட நம்பிக்கையில, புரொபெசரிட்டப் போய் ஒண்டும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். ஆனால் இடம் நிரம்பீட்டுது, இனி ஒண்டும் செய்யேலாது எண்டார்.

அண்டைக்குப் பின்னேரம் எலேனாவின்ர பிரியாவிடை அப்பேரோ, அதுதான் நிண்டபடி கொறிச்சுக் குடிக்கிற சின்ன விருந்து. இந்த நாட்டில போற ஆள்தான் மற்றவைக்குத் தீனி கொண்டுவர வேணும். எலேனா ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரிச்சுத் தட்டு நிறையக் கொண்டு வந்திருந்தாள். புரொபெசர் ஒண்டைக் கடிச்சு விழுங்கிப்போட்டுக் கிளாசைத் தூக்கினார். "தன்ர பிழையைத் தானே சொல்லத் துணிச்சல் வேணும். அக்‌ஷயாவுக்கு!" எல்லாரும் கை தட்டிச்சினம். எலேனாவைப் பற்றி ஒரு சொல்? மூச்!

சீ, சொல்லாமலே இருந்திருக்கலாம் எண்டு பட்டுது அக்‌ஷயாவுக்கு. அப்பிடி நினைச்சதுக்கும் வெட்கமாக் கிடந்துது. எலேனா தட்டோட கிட்ட வந்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. உங்கட படம்தான் சரி."

"அது இருக்கட்டும் பிள்ளை. நீ பழக்கினாப் பிறகு எனக்கே என்ர கையில நம்பிக்கை போயிட்டுது. போன கிழமை சோலோதுர்னில ஒரு வேலைக்குக் கூப்பிட்டவை. நுணுக்குக்காட்டி வேலை எனக்குச் சரிவராது எண்டு நானே சொல்லிப்போட்டு வந்திட்டன்."

எலேனா தட்டை நீட்டினாள்.

"எடன், ஆறப்போகுது" எண்டாள் எலேனா. அக்‌ஷயா ஒரு ரோல்ஸை எடுத்தாள். பின்னால ஆரோ வந்து அவளின்ர முதுகில தட்டி, "பிராவோ" எண்டுபோட்டுப் போச்சினம்.